ஸ்லைடுக்கு முன்னால் முன்மொழிவு

பைதான் நிரல்மொழிக்காரர்கள் கூடும் பைகான் போன்ற தொழில்நுட்ப மாநாட்டில் பேச ஆசைப்படுகிறவர்கள் எடுத்த எடுப்பில் ஸ்லைடில் கை வைக்கிறார்கள். அதற்கு இப்போது அவசரமே இல்லை. முதலில் தேறவேண்டியது, என்ன பேசப்போகிறோம் என்று எழுதி அனுப்பும் முன்மொழிவு. அதைப் படிக்கும் தேர்வுக்குழு உறுப்பினர் ஆபீஸ் வேலையை முடித்துவிட்டு இரவில் உட்காரும் தன்னார்வலர். அவர் முன்னால் ஒரு குவியலே காத்திருக்கும்.

கடைசித் தேதியோடு ‘எனிவேர் ஆன் எர்த்’ (பூமியில் எங்காவது அந்தத் தேதி இருக்கும்வரை) என்று போட்டிருந்தால், இந்திய நேரப்படி நமக்கு மறுநாள் மாலை 5.29 வரை நேரம் உண்டு. அதை நம்பி இழுத்தடிக்க வேண்டாம்.

படிவத்தில் தலைப்பும் சுருக்கமும் பார்வையாளருக்கானவை. தேர்வானால் நிகழ்ச்சி நிரலில் வருவது அவைதான். உரையின் அமைப்பைக் கேட்கும் கட்டம் தேர்வுக்குழுவுக்கு. இரண்டிலும் பலர் கோட்டை விடுகிறார்கள். தலைப்பு ‘பைதானில் வேகம்’ என்றால் யாருக்கும் ஒன்றும் புரியாது. ‘40 நிமிடம் ஓடிய பில்லிங் ரிப்போர்ட்டை 3 நிமிடத்துக்குக் கொண்டுவந்த கதை’ என்றால் நிமிர்ந்து உட்காருவார்கள். அமைப்புக்கான கட்டத்தில் நேரக் கணக்கையும் கொடுங்கள்: சிக்கல் 4 நிமிடம், எங்கே நேரம் போகிறது என்று அளந்த விதம் 8, செய்த மாற்றங்கள் 13, கேள்விகள் 5. முப்பது நிமிடத்தை நிரப்பச் சரக்கு இருக்கிறதா என்பது இதிலேயே தெரிந்துவிடும். முடிவைச் சொன்னால் சுவாரசியம் போய்விடும் என்று மறைக்காதீர்கள். தேர்வுக்குழுவிடம் சஸ்பென்ஸ் எடுபடாது.

அமெரிக்கப் பைகான் உட்படப் பல மாநாடுகளில் முதல் சுற்றில் பேச்சாளர் பெயரை மறைத்துவிட்டுத்தான் மதிப்பெண் போடுகிறார்கள். ஆகவே சுருக்கத்தில் உங்கள் பெயரையோ கம்பெனியையோ நுழைக்காதீர்கள். 2009இல் பெங்களூரில் தொடங்கி 2019இல் சென்னைக்கும் வந்த இந்தியப் பைகானில், முன்மொழிவைப் பொதுவில் வைத்துக் கருத்துக் கேட்கும் வழக்கம் உண்டு. யாராவது கேள்வி கேட்டால் உடனே பதில் சொல்லுங்கள். கண்டுகொள்ளாமல் விட்டவருக்கு மேடையிலும் அக்கறை இருக்காது என்றுதான் நினைப்பார்கள், அதில் தப்பில்லை.

மதிப்பெண் மட்டுமே முடிவு செய்வதில்லை. ஒரே பைதான் நூலகத்தைப் (லைப்ரரி) பற்றி மூன்று நல்ல உரைகள் வந்தால் இரண்டு வெளியே போகும். அட்டவணை போடுவது இன்னொரு தலைவலி: ஒரே கூட்டத்தை ஈர்க்கும் இரண்டு உரைகளை ஒரே நேரத்தில் வைக்க முடியாது, புதியவர்களுக்கான உரைக்குப் பெரிய அரங்கு வேண்டும், ஒருவர் முதல் நாளே கிளம்பிவிடுவார். தேர்வானதாக மின்னஞ்சல் வந்ததும் உறுதி செய்துவிடுங்கள். தாமதித்தால் இடம் காத்திருப்போர் பட்டியலில் உள்ளவருக்குப் போய்விடும். வெளிநாடு என்றால் அன்றைக்கே அழைப்புக் கடிதம் கேளுங்கள். விசா நேர்காணல் தேதி மாநாட்டுக்காகக் காத்திருக்காது.

வாய்ப்பு கிடைக்கவில்லையா? மாநாட்டுக்கே போய் 5 நிமிட ‘லைட்னிங் டாக்’குக்குப் பெயர் கொடுங்கள். அல்லது சென்னைபை போன்ற உள்ளூர்க் குழுவின் மாதக் கூட்டத்தில் அதே உரையைப் பேசி, வீடியோ எடுத்து வையுங்கள். முன் அனுபவம் கேட்கும் கட்டத்தில் அடுத்த ஆண்டு அந்த இணைப்பைப் போடலாம்.