டென்மார்க்குக்கு மாயவரத்தில் இறங்குங்கள்

பயணம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஒரகடத்தில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் பதினொரு வருடமாக வேலை பார்க்கிறேன். எங்கள் சரக்கு ஒரு டென்மார்க் கம்பெனிக்குப் போகிறது. தர ஆய்வுக்கு வந்த டென்மார்க்காரர் ஒருவர் மாலை நாலு மணிக்கு லேப்டாப்பை மூடிவிட்டு, "உங்களுக்கு வீடு இல்லையா?" என்று எங்களைக் கேட்டார். அன்றிலிருந்து அந்த நாட்டின் சாப்பாடு, கட்டடம், வாழ்க்கை முறை எல்லாவற்றையும் பார்க்க ஆசை. ஆனால் பட்ஜெட் சின்னது. மனைவிக்குப் பாஸ்போர்ட் கிடையாது. அம்மாவுக்கு முட்டிவலி. பொங்கலை ஒட்டி நாலு நாள் லீவு கிடைக்கும். வழி உண்டா?
– ஒரு வாசகர், சிங்கப்பெருமாள் கோவில்

பதில்: உண்டு. பாஸ்போர்ட்டே வேண்டாம். லோக்கல் ரயிலில் ஏறிச் செங்கல்பட்டில் இறங்குங்கள். காலையில் வரும் சோழன் எக்ஸ்பிரஸைப் பிடித்தால் மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு மாயவரம், அதாவது மயிலாடுதுறை. அங்கிருந்து பஸ்ஸில் முப்பது கிலோமீட்டர் போனால் தரங்கம்பாடி. 1620 முதல் 1845 வரை, இருநூற்று இருபத்தைந்து வருடம், டென்மார்க் கொடி பறந்த ஊர்.

டென்மார்க் அரசர் நான்காம் கிறிஸ்டியன் அனுப்பிய கப்பல்களுடன் வந்தவர் ஓவே கெட்டே. தஞ்சை ரகுநாத நாயக்கருடன் 1620 நவம்பரில் ஒப்பந்தம் ஆனது. நாயக்கர் தங்கத் தகட்டில் எழுதிக் கொடுத்த கடிதம் இன்றும் டென்மார்க்கின் ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கிறது. வந்ததெல்லாம் மிளகு வியாபாரத்துக்காகத்தான். வியாபாரம் நொடித்துப்போன பிறகு, வங்காளத்து சேராம்பூரையும் சேர்த்து, பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயக் கம்பெனிக்கு விற்றுவிட்டுப் போனார்கள்.

ஊருக்குள் நுழையும்போதே வெள்ளையடித்த நுழைவாயில் ஒன்று குறுக்கே நிற்கும். நெற்றியில் 1792 என்ற வருடமும் டென்மார்க் அரச முத்திரையும் இருக்கும். ஆட்டோவில் அதைக் கடந்துவிடாதீர்கள். இறங்கி நடங்கள். வாயிலில் தொடங்கும் கிங்ஸ் தெரு நேரே கடலில் போய் முடிகிறது. நிதானமாக நடந்தாலும் பத்து நிமிடத் தூரம்தான். முட்டிவலிக்காரர்களுக்கும் பயமில்லை.

அந்தத் தெருவில் இருப்பது புதிய எருசலேம் ஆலயம். 1718-இல் அர்ப்பணம் செய்தது. முகப்பில் நான்காம் பிரடெரிக் அரசரின் முத்திரையைத் தேடிப் பாருங்கள். அந்த அரசர் அனுப்பிய பர்த்தலோமேயு சீகன்பால்கு 1706 ஜூலை 9 அன்று இங்கே கரையேறினார். மணலில் எழுதித் தமிழ் பழகிய பிள்ளைகளோடு உட்கார்ந்து தானும் எழுத்துக் கற்றார். பிறகு அச்சுக்கூடம் வைத்து, 1715-க்குள் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார். 1719-இல் இறந்தபோது வயது முப்பத்தாறு. அந்த ஆலயத்துக்குள்ளேயே அடக்கம். எட்டாம் வகுப்புப் பிள்ளையைக் கூட்டிப் போனால் பாடப்புத்தகத்தில் ஒரு வரியாக இருந்த மனிதரை நேரில் பார்த்த மாதிரி ஆகும்.

இப்போது கட்டடத்துக்கு வருவோம். கோபன்ஹேகன் கட்டடம் அப்படியே இங்கே எழும்பியிருக்கும் என்று நினைத்துப் போனால் ஏமாறுவீர்கள். பனி நாட்டு வீட்டுக்கு வெயில் உள்ளே வர வேண்டும். நம் ஊர் வீட்டுக்கு வெயில் வெளியே நிற்க வேண்டும். அதனால் தூணும் வளைவும் அவர்கள் பாணி; செங்கல், சுண்ணாம்புக் காரை, ஆழமான தாழ்வாரம் எல்லாம் நம் கொத்தனார் கைவேலை. கடற்கரைப் பக்கம் உள்ள ஆளுநர் பங்களாவில் இது நன்றாகத் தெரியும். 1784-இல் எழும்பிய வீடு. ஆங்கிலேயர் கைக்குப் போனபின் உப்புக் கிடங்காகக்கூட இருந்தது. டென்மார்க் தேசிய அருங்காட்சியகத்தின் உதவியோடு மீண்டும் சீரானது.

டேனிஷ் கோட்டைக்கு மாலையில் போங்கள். கீழ்த்தளத்தில் கிடங்கும் சிறையும். மேல்தளத்தில் ஆளுநர் அறையும் சின்ன அருங்காட்சியகமும். வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதை மனதில் வைத்துப் பயணத்தைப் போடுங்கள். கோட்டை மதிலில் உட்கார்ந்துகொண்டு குடும்பத்துக்குச் சொல்ல ஒரு கதை: ஊர்க்கப்பல் வராமல் வருடங்கள் ஓடின. கூட இருந்தவர்கள் ஒவ்வொருவராகச் செத்தார்கள். 1655-இல் மிஞ்சிய ஒரே டேனியர் எஸ்கில்ட் ஆண்டர்சன் கோங்ஸ்பக்கே என்ற சாதாரண மனிதர். கொடியை இறக்காமல், உள்ளூர் ஆட்களைக் கொண்டு கோட்டையைக் காத்து, ஊரைச் சுற்றி மதிலும் எழுப்பினார். அடுத்த கப்பல் வந்தது 1669-இல். பதினாலு வருடம்! ஷிப்ட் மாற்ற ஆள் வராமல் போன ராத்திரிகள் உங்களுக்குத் தெரியும். அவர் பாடு புரியும்.

ஒரு எச்சரிக்கை. டிராவல்ஸ்காரர் திருக்கடையூர், பூம்புகார், திருநள்ளாறு, காரைக்கால் என்று ஏழு இடத்தை ஒரே நாளில் சேர்த்துவிடுவார். தரங்கம்பாடிக்கு அரை மணி நேரம் ஒதுக்குவார். கோட்டை முன்னால் ஒரு செல்ஃபி, அதோடு சரி. அம்மாவுக்காகத் திருக்கடையூர் மட்டும் ஒரு காலைப்பொழுது போதும். தரங்கம்பாடியில் கோட்டைக்குப் பக்கத்திலேயே அலை அடிக்க நிற்கும் மாசிலாமணி நாதர் கோயிலும் இருக்கிறது. பாண்டியர் காலத்துக் கோயில். டேனியர் வருவதற்கு முந்நூறு வருடம் மூத்தது. பாதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. மீதி நேரத்தை ஊருக்கே கொடுங்கள். ஊரில் பழைய பங்களாக்களில் தங்கும் விடுதிகள் உண்டு. கட்டணம் கூடுதலாகத் தோன்றினால் காரைக்காலில் அறை எடுத்துவிட்டுக் காலையில் வந்துவிடலாம். பொங்கல் நாளிலேயே போகாமல், காணும் பொங்கல் கூட்டம் கலைந்த பிறகு போவது உத்தமம்.

கேள்வி: தரங்கம்பாடியில் டென்மார்க் சாப்பாடு கிடைக்குமா? வீட்டில் செய்ய முடியுமா? நாங்கள் பாதி சைவம்.
– ஒரு வாசகி, மறைமலை நகர்

பதில்: கிடைக்காது. கிடைப்பது மீன் குழம்பும் இறால் வறுவலும். அதில் வருத்தப்பட ஒன்றும் இல்லை. வீட்டிலோ, தாராளமாகச் செய்யலாம்.

டென்மார்க்கின் மதிய உணவுக்குப் பெயர் ஸ்மோர்ப்ரோட். வெண்ணெய் ரொட்டி என்று பொருள். மேல்மூடி இல்லாத சாண்ட்விச் என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்பு நிறத்தில் இறுக்கமாக இருக்கும் ரை ரொட்டி அதற்கு அடித்தளம். சென்னையின் பெரிய பேக்கரிகளில் தேடினால் அகப்படும். மெல்லிய துண்டு ஒன்றில் விளிம்பு வரை வெண்ணெய் பூசுங்கள். அது ருசிக்கு மட்டுமல்ல. மேலே வைப்பதன் ஈரம் ரொட்டிக்குள் இறங்காமல் தடுக்கும் பூச்சு, மொட்டை மாடிக்கு வாட்டர் புரூஃபிங் மாதிரி. அதன்மேல் வேகவைத்த முட்டை வில்லைகள், அதன்மேல் உப்பில் அவித்த சின்ன இறால். சைவத்துக்கு, வேகவைத்து ஆறவைத்த உருளைக்கிழங்கு வில்லைகளும் பொடியாக அரிந்த வெங்காயத் தாளும். இரண்டுமே அங்கே காலங்காலமாக உள்ள வகைகள். கையில் தூக்கிக் கடிக்க மாட்டார்கள். கத்தியும் முள்கரண்டியும் வைத்து, பேசிப் பேசிச் சாப்பிடுவார்கள்.

ஒரு சுவாரசியம்: கறிப்பொடி சேர்த்த சாஸில் ஊறவைத்த ஹெர்ரிங் மீன் அவர்கள் ரொட்டிமேல் வரும் பிரபலமான பண்டம். "கர்ரி சில்" என்பார்கள். நம் மத்தி அந்த ஹெர்ரிங் குடும்பத்து மீன்தான். 'கறி' என்ற நம் சொல் ஐரோப்பிய மொழிகள் வழியாகச் சுற்றி டென்மார்க் அடுப்படி வரை போயிருக்கிறது.

கேள்வி: நேரிலேயே டென்மார்க் போவதென்றால்?
– ஒரு வாசகர், ஒரகடம்

பதில்: ஷெங்கன் விசா வேண்டும். பெரியவர் ஒருவருக்குக் கட்டணம் 90 யூரோ; சேவைக் கட்டணமும் பயணக் காப்பீடும் தனி. விண்ணப்பத்தை ஆறு மாதத்துக்கு முன்பே கொடுக்கலாம். செலவுக்கு யூரோ அல்ல, குரோன். மே முதல் ஆகஸ்ட் வரை பகல் நீளம். ஐந்து நாள் இருந்தால் ஐந்தும் கோபன்ஹேகனிலேயே இருங்கள். தரங்கம்பாடிக்குக் கப்பல் அனுப்பிய அதே நான்காம் கிறிஸ்டியன் கட்டிய வட்டக் கோபுரம் (1642) அங்கே இருக்கிறது. படிக்கட்டுக்குப் பதில் உச்சிக்குச் சற்று முன்வரை சுற்றிச் சுற்றி ஏறும் சரிவுப் பாதை. அவர் எழுப்பிய பழைய பங்குச் சந்தைக் கட்டடம் 2024 ஏப்ரலில் தீயில் பாதி எரிந்தது. நான்கு நாகவால் முறுக்கிய அதன் கோபுரமும் சரிந்து விழுந்தது. ஊரைச் சுற்ற வாடகை சைக்கிள் போதும்.

முதல் கடிதக்காரரின் டென்மார்க்காரருக்கு வருகிறேன். அங்கே வாரத்துக்கு 37 மணி நேரம்தான் வழக்கமான வேலை. வருடத்துக்கு ஐந்து வார விடுமுறை சட்டப்படி உரிமை. வீட்டாரும் நண்பர்களும் மெழுகுவத்தி வெளிச்சத்தில் அவசரமில்லாமல் உட்கார்ந்திருக்கும் சுகத்துக்கு 'ஹுகெ' என்று ஒரு சொல்லே வைத்திருக்கிறார்கள். நம் திண்ணைப் பேச்சுக்கு அது பங்காளி. திண்ணையை இடித்து பைக் நிறுத்த இடம் செய்தது நாம்தான்.

அதனால், சேர்த்து வைத்த லீவை வருடக் கடைசியில் சரண்டர் செய்து காசாக்கும் முன், மூன்று நாளை மட்டும் தரங்கம்பாடிக்கு ஒதுக்குங்கள். கம்பெனி வாட்ஸ்அப் குழுவை மியூட் செய்துவிட்டுப் போங்கள்.