பீற்றாத் தேய்வும் அதன் கோட்டுப் படமும்

“நியூத்திரனுக்குள்ளே இலத்திரன் ஒளிந்திருக்கின்றதா, ஐயா?”

பல்லாண்டுகளுக்கு முன், விஞ்ஞான ஆசிரியர் வாராத பாடவேளையொன்றில் மேற்பார்வைக்கு அமர்ந்திருந்த என்னை மாணவனொருவன் இவ்வாறு வினவினான். தமிழாசிரியனாகிய யான் விடை கூற இயலாது நின்றேன். அன்றைய நாணமே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று.

காபன் 14 அணுவின் கருவில் 6 புரோத்தன்களும் 8 நியூத்திரன்களும் உள. அவற்றுள் ஒரு நியூத்திரன் புரோத்தனாக மாறுங்கால் கரு நைதரசன் 14 ஆகின்றது, இலத்திரனொன்று வெளியேறுகின்றது. இதுவே பீற்றாத் தேய்வு. இவ்வணுவின் அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ 5,730 ஆண்டுகள்.

இத்தேய்வில் வெளிப்படும் இலத்திரன்கள் யாவும் ஒரே சத்தியுடையனவாதல் வேண்டுமென அறிஞர் எதிர்பார்த்தனர். ஆயின், அச்சத்தி பற்பல அளவினதாய்த் தொடர்ந்து பரந்திருத்தலை 1914 இல் சாட்விக் கண்டார். எஞ்சிய சத்தி எங்கே சென்றது? சத்திக் காப்பு விதியே பொய்த்ததோ என நீல்ஸ் போர் போன்ற பேரறிஞரும் ஐயுற்றனர். ஏற்றமற்ற, கருவிகளுக்கு எளிதிற் புலப்படாத சிறு துணிக்கையொன்று அச்சத்தியைக் கொண்டு செல்கின்றது என 1930 இல் பௌலி கூறினார். 1956 இல் கோவனும் றைனெசும் தம் குழுவினருடன் அணு உலையொன்றின் அருகே அதனைக் கண்டறிந்தனர். அதுவே எதிர்நியூத்திரினோ.

இனிப் படத்தை வரைவோம். இம்முறையை 1949 இல் வெளியிட்டவர் றிச்சாட் பைன்மன். கீழிருந்து மேல்நோக்கிக் காலம் செல்வதாகக் கொள்க. நியூத்திரன் என்பது ஒரு மேற்குவார்க்கும் இரு கீழ்க்குவார்க்குகளும் சேர்ந்தது. ஆதலின் மூன்று கோடுகளை அருகருகே வரைக. இரண்டு கோடுகள் மாற்றமின்றி மேலே செல்க. எஞ்சிய கீழ்க்குவார்க்கின் கோட்டில் ஒரு சந்தியை இடுக. அதற்கு மேல் அக்கோடு மேற்குவார்க்கு ஆகும். அச்சந்தியிலிருந்து நெளிகோடொன்று புறப்படும். அது டபிள்யூத் துணிக்கை. நெளிகோட்டின் மறுமுனையாகிய இரண்டாஞ் சந்தியில் இலத்திரன் கோடும் எதிர்நியூத்திரினோக் கோடும் பிறக்கும்.

சந்திதோறும் ஏற்றத்தைக் கூட்டிப் பார்த்தல் வேண்டும். கீழ்க்குவார்க்கின் ஏற்றம் −1/3; மேற்குவார்க்கு +2/3, டபிள்யூ −1. இவ்விரண்டின் கூட்டுத்தொகையும் −1/3 ஆதலின் கணக்குச் சரி.

மாணவர் பெரிதும் மயங்குமிடம் அம்புக்குறியே. இலத்திரனின் அம்பு சந்தியை விட்டு வெளியே நோக்கும். எதிர்நியூத்திரினோவின் அம்போ சந்தியை நோக்கி உள்ளே திரும்பியிருக்கும். அத்துணிக்கை உள்ளே வருகின்றது எனக் கொள்ளற்க. அதுவும் வெளியேறுவதே. அம்பு காட்டுவது பயணத் திசையன்று. துணிக்கையோ எதிர்த்துணிக்கையோ என்னும் வேறுபாட்டையே காட்டுகின்றது. இலத்திரனின் லெப்டன் எண் +1, எதிர்நியூத்திரினோவினது −1. முன்பு சுழியாயிருந்தது பின்பும் சுழியே.

1983 இல் சேர்ன் ஆய்வுகூடத்திற் கண்டறியப்பட்ட டபிள்யூத் துணிக்கையின் திணிவு புரோத்தனினதைப் போல ஏறத்தாழ 86 மடங்கு. இலேசான நியூத்திரன் அத்துணைப் பாரத்தை ஈனுவது யாங்ஙனம்? நெளிகோடு தன் முழுத் திணிவுடன் வெளியேறும் துணிக்கையைக் குறிப்பதன்று. இரு சந்திகளுக்கிடையே மட்டும் நிற்கும் இடைநிலையையே குறிக்கும். அப்பெருந் திணிவினாலேயே இத்தாக்கம் மெலிந்ததாகின்றது. தனி நியூத்திரனும் சராசரியாக ஏறத்தாழ 15 நிமிடங்கள் வாழ்கின்றது.

இனி அம்மாணவனின் வினாவுக்கு வருவோம். பூ, கொடி என்னும் இரு சொற்கள் புணருங்கால் ‘பூங்கொடி’ என ஙகரம் தோன்றுகின்றது. அது பூவினுள் ஒளிந்திருந்தது என எவருங் கூறார். புணர்ச்சியிலே தோன்றியது என்பர். அவ்வாறே கீழ்க்குவார்க்கு மேற்குவார்க்காதல் திரிதல். இலத்திரனும் எதிர்நியூத்திரினோவும் பிறத்தல் தோன்றல். இலத்திரன் நியூத்திரனுள் ஒளிந்திருந்ததன்று.

அன்று வினவிய மாணவன் இன்று நம் பழைய மாணவருள் ஒருவன். இம்மலர் அவன் கையை எட்டுமாயின், காலந்தாழ்த்த இவ்விடையை ஏற்றுக்கொள்வானாக.