செய்வினை வைத்தது யார்?

முத்துப்பேட்டையை அடுத்த ஜாம்புவானோடை தர்காவில் அடங்கியிருப்பவர், வைத்தியராகவே போற்றப்படும் ஹக்கீம் ஷேக் தாவூத் வலியுல்லா. மனம் கலங்கியவர்களை இந்துக்களும் முஸ்லிம்களும் அங்கே அழைத்து வருகிறார்கள். ஆறுதல் தேடுவதில் தவறே இல்லை. ‘யாரோ செய்வினை வச்சிட்டாங்க’ என்று நம் டெல்டா ஊர்களில் பேச்சு எழுகிறதே, அதில் அந்த ‘யாரோ’வுக்கு ஒரு பெண்ணின் பெயரைச் சூட்டும்போதுதான் கொடுமை தொடங்குகிறது.

நம்பிக்கை: சூனியக்காரி வேட்டை ஐரோப்பாவின் பழங்கதை.

உண்மை: ஸ்காட்லாந்தில் 1563இல் வந்த சூனியச் சட்டம் 1736இல் ஒழிந்தது. நம் நாட்டில், இன்றைய ஜார்க்கண்டின் சராய்கேலா பகுதியில், சுட்னி மஹதோ மீது பழி விழுந்தது 1995இல். பக்கத்து வீட்டுப் பெண்பிள்ளை நோயில் படுத்தது. சுட்னிதான் காரணம் என்றார்கள். ஊர்ப் பஞ்சாயத்து 500 ரூபாய் அபராதம் போட்டது. கட்டினார். அதற்குப் பிறகும் விடவில்லை. அடித்தார்கள், மலத்தைத் தின்னச் சொல்லி வதைத்தார்கள். பிள்ளைகளோடு ஊரைவிட்டே ஓடினார். செய்யாத குற்றத்துக்குப் பணம் கட்டினால் தொல்லை தீரும் என்று எந்தப் பெண்ணுக்கும் யாரும் யோசனை சொல்லிவிடாதீர்கள்.

நம்பிக்கை: இதெல்லாம் படிக்காதவர்கள் செய்வது.

உண்மை: ஸ்காட்லாந்து மன்னர் ஆறாம் ஜேம்ஸ் நன்கு கற்றவர், 1597இல் பேய், சூனியம் பற்றி நூலே எழுதினார். அதற்கு முன்பே, தன் கப்பல் புயலில் சிக்கியதற்குச் சூனியமே காரணம் என்று நம்பி, அக்னஸ் சாம்ப்சன் என்ற மருத்துவச்சியை நேரில் விசாரித்தார். தூங்கவிடாமல் வதைத்து வாக்குமூலம் வாங்கினார்கள். 1591இல் கழுத்தை நெரித்துக் கொன்று, உடலை எரித்தார்கள்.

நம்பிக்கை: நோய் தீரவில்லை என்றால் செய்வினைதான்.

உண்மை: தீராத நோய்க்கு இன்னொரு மருத்துவரைப் பார்க்க வேண்டும். மனநலத்துக்கு 14416 என்ற இலவச எண்ணில் அரசின் ஆலோசனை கிடைக்கிறது.

நம்பிக்கை: பழி விழுந்த பெண் மீண்டு எழவே முடியாது.

உண்மை: ஜாம்ஷெட்பூரின் இலவச சட்ட உதவிக் குழுவோடு சேர்ந்த சுட்னி, தன்னைப் போல் துரத்தப்பட்ட பெண்களைக் காக்கும் வேலையில் இறங்கினார். 2021இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. பீகார் 1999இல் கொண்டுவந்த சூனியக்காரி வேட்டைத் தடைச் சட்டத்தை ஜார்க்கண்ட் 2001இல் ஏற்றது. ஒரு பெண்ணைச் சூனியக்காரி என்று முத்திரை குத்தினால் அச்சட்டப்படி மூன்று மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம். குற்றமே செய்யாத சுட்னியிடம் ஊர் வாங்கிய தொகைக்கு அது இரண்டே மடங்கு.