சங்கத்துச் சரக்கு வண்டியும் மின்சார விசிறியும்

ரேடியேட்டரில் நீர் கொதித்து வண்டி வழியில் நின்றுவிட்டால், அதனால் சங்கத்திற்கு நேரும் நஷ்டம் பட்டறைக்காரர் தரும் பில்லோடு முடிந்துவிடுவதில்லை. விவசாயியின் அன்னாசியும் வாழைத்தாரும் சந்தை நேரத்தைத் தவறவிடுகின்றன; சாயப்பட்டறையிலிருந்து வரவேண்டிய நூல் வராமல் தறிகள் சும்மா நிற்கின்றன. கொதிக்கிற வண்டியை டிரைவர் இன்னும் இரண்டு கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்துவிட்டாரானால், சிலிண்டர் ஹெட் வளைந்து, கேஸ்கெட் எரிந்து, அங்கத்தினர்களுக்குப் பங்கு ஈவாகப் போகவேண்டிய பணம் பட்டறைக்குப் போய்விடும். ஆகவே, "எஞ்சினோடு சுழலும் விசிறியைக் கழற்றிவிட்டு இரண்டு மின்சார விசிறிகளைப் பொருத்திவிட்டால் தொல்லை ஒழிந்தது" என்று ஒருவர் சொல்லும்போது நிர்வாகக் குழு செவிசாய்ப்பது இயல்பே. கணக்குகளைப் பார்வையிடச் செல்லும் இடங்களில் இத்தகைய மதிப்பீடுகள் தீர்மானத்திற்கு வைக்கப்பட்டிருப்பதை நாம் காண்கிறோம். சில வண்டிகளுக்கு இது நல்ல செலவு; வேறு சிலவற்றிற்கு வீண் செலவு. எது எவ்வாறு என்பதை அங்கத்தினர்களே நிதானித்து அறிய முடியும் என்பதால் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

டீசல் எரிவதால் பிறக்கும் உஷ்ணத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே எஞ்சினைச் சுழற்றும் வேலையாக மாறுகிறது. ஏறக்குறைய அதே அளவு புகையோடு வெளியேறிவிடுகிறது. எஞ்சியதில் பெரும்பகுதியைத் தாங்கிக்கொண்டு நீர் ரேடியேட்டருக்கு வருகிறது. அங்கே மெல்லிய தகடுகளுக்கிடையே புகுந்து செல்லும் காற்று அதனைப் பெற்றுக்கொண்டு போகிறது. இந்தக் காற்று இரு வழியாக வரும். வண்டி ஓடும் வேகத்தினால் தானே வந்து மோதுவது ஒன்று. விசிறி இழுத்து வருவது மற்றொன்று. சமவெளியில் 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டிக்குப் பெரும்பாலும் முதல் வகைக் காற்றே போதும்.

இதிலிருந்து ஒரு சோதனை கிடைக்கிறது. உஷ்ணமானியின் முள் எப்பொழுது ஏறுகிறது என்று டிரைவரை ஒரு வாரம் குறித்துவரச் சொல்லுங்கள். நெடுஞ்சாலையில் நல்ல வேகத்தில் செல்லும்போது ஏறுகிறதென்றால் குறை விசிறியில் இல்லை. எத்தனை மின்சார விசிறிகளைப் பொருத்தினாலும் அது தீராது. ரேடியேட்டர் அடைத்திருக்கலாம், தெர்மோஸ்டாட் முழுவதும் திறக்காமல் இருக்கலாம், நீர் பம்பு தேய்ந்திருக்கலாம். எஞ்சின் ஓடும்போது நீர்க்கலத்தில் ஓயாது குமிழிகள் எழுந்தால், கேஸ்கெட் வழியாக எரிவாயு நீருக்குள் புகுகிறதோ என்று பார்க்கவேண்டும். நகரத்து நெரிசலில் நிற்கும்போது மட்டும் முள் ஏறி, வண்டி ஓடத் தொடங்கியதும் இறங்கிவிடுகிறதென்றால் அது காற்றுக் குறைவு. விசிறியைப் பற்றிப் பேச அங்கேதான் இடமுண்டு.

அடைப்பைப் பற்றி ஒரு வார்த்தை. நூற்பாலைகள் மிகுந்த பக்கங்களில் ஓடும் வண்டிகளில் பஞ்சுத் தூசியும், களத்து மேட்டுக்குச் செல்லும் வண்டிகளில் பதரும் உமியும் ரேடியேட்டர் தகடுகளில் படிந்து கம்பளம் விரித்தாற்போல் மூடிக்கொள்கின்றன. குளிர்சாதன வசதியுள்ள வண்டிகளில் கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையே இது சேர்வதால் வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. எஞ்சின் பக்கத்திலிருந்து முன்புறம் நோக்கி, தகடுகள் மடங்காத அளவு மெல்லிய அழுத்தத்தில் நீரைப் பீய்ச்சிக் கழுவினால் பாதி வியாதி போய்விடும். உட்புற அடைப்போ நம் ஊர்களின் ஆழ்துளைக் கிணற்று உப்பு நீரால் வருவது. வண்டித் தயாரிப்பாளர் சொல்லும் கூலண்ட் திரவத்தை, தாதுநீக்கிய நீருடன் சொல்லிய விகிதத்தில் கலந்து ஊற்றவேண்டும். மூடியையும் மறக்கலாகாது. கடல் மட்டத்திற்கு 1200 மீட்டர் உயரத்தில் திறந்த பாத்திரத்து நீர் ஏறக்குறைய 96 டிகிரியிலேயே கொதித்துவிடும். நல்ல அழுத்த மூடி இருந்தால் அதே நீர் 110 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கும். வில் தளர்ந்த மூடி அழுத்தத்தைத் தாங்காமல் விட்டுவிடுகிறது. மூடியின் விலை சொற்பம். அதை மாற்றிப் பார்க்காமல் விசிறிக்கு மதிப்பீடு கேட்பது தலைகீழான வரிசை என்பதே நம் அபிப்பிராயம்.

இனி விசிறிக்கு வருவோம். எஞ்சினை நெடுக்காக அமைத்த பிக்கப் வண்டிகள் பலவற்றில் விசிறி எஞ்சினோடு சேர்ந்தே சுழல்கிறது. நடுவில் பிசுபிசுப்பான சிலிக்கோன் எண்ணெய் நிரம்பிய ஓர் இணைப்பு உண்டு; விஸ்கஸ் கிளட்ச் என்பர். ரேடியேட்டரிலிருந்து வரும் காற்று சூடாயிருந்தால் அது இறுகி விசிறியை வேகமாகச் சுழற்றும், குளிர்ந்திருந்தால் நழுவவிடும். எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்தபின் விசிறியைக் கையால் சுழற்றிப் பாருங்கள். தடையே இல்லாமல் பல சுற்றுச் சுழன்றால் இணைப்பு கெட்டுவிட்டது. அதன் மையத்தில் எண்ணெய் கசிந்த கறை இருந்தாலும் அப்படியே. "விசிறி போதவில்லை" என்று சொல்லப்படும் வண்டிகளில் இதுவும் ஒரு காரணம்; இணைப்பை மட்டும் மாற்றினால் தீர்ந்துவிடும்.

மலைப் பாதைக்கு மின்சார விசிறியே ஏற்றது என்று பலர் எண்ணுகின்றனர். கொல்லிமலையை எடுத்துக்கொள்வோம். அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மேலே செல்லும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். பாரத்தோடு ஏறும் வண்டி முதல், இரண்டாம் கியர்களில் மணிக்கு 15, 20 கிலோமீட்டர்தான் செல்லும், எதிர்க்காற்று இல்லை. ஆனால் வண்டி மெதுவாகச் சென்றாலும் எஞ்சின் விரைவாகச் சுழல்கிறது; அதனோடு பிணைந்த விசிறியும் விரைவாகவே சுழல்கிறது. விசிறியின் வேகம் இருமடங்கானால் காற்றும் ஏறக்குறைய இருமடங்காகும். அதற்குச் செலவாகும் சக்தியோ எட்டு மடங்கு. எஞ்சின் அந்தச் சக்தியைத் தர வல்லது. பாட்டரியை நம்பிய சிறு மோட்டார் தர வல்லதன்று. 12 வோல்ட் மின்சார விசிறி ஏற்றத்திலும் இறக்கத்திலும் ஒரே வேகத்தில்தான் சுழலும். பெட்டியின்மேல் நிமிடத்திற்கு இத்தனை கன அடிக் காற்று என்று அச்சிட்டிருப்பதும் பெரும்பாலும் வெட்டவெளியில் அளந்த கணக்கு; முன்னே ரேடியேட்டரை வைத்துவிட்டால் அது வெகுவாகக் குறைந்துவிடும். ஆகவே மலையேறும் விளைபொருள் சங்கத்து வண்டியில், பழைய விசிறி நல்ல நிலையில் இருக்குமாயின் அதைக் கழற்றாமலிருப்பதே நலம். ஒரே நடையில் முடித்துவிடலாம் என்று அனுமதிக்கப்பட்ட பாரத்திற்கு மேல் ஏற்றும் வழக்கத்தை விட்டால் பாதிக் கொதிப்பு நின்றுவிடும். இதைச் சொன்னால் யாருக்கும் பிடிப்பதில்லை.

நெசவாளர் சங்கத்து வண்டியின் நிலைமை வேறு. ஈரோட்டில் ஜவுளிச் சந்தை கூடும் நாளில் அது நெரிசலில் ஊர்ந்து செல்கிறது. எஞ்சின் நிமிடத்திற்கு 800 சுற்று அளவில் சோம்பி ஓட, விசிறியும் சோம்புகிறது. அங்கே முழு வேகத்தில் சுழலும் மின்சார விசிறி மெய்யாகவே உபகாரம் செய்யும். காலையில் எஞ்சின் விரைவில் பதமான சூட்டிற்கு வரும், இரைச்சலும் குறையும். டீசல் மிச்சமாகும் என்பதும் உண்மைதான். ஆனால் விஸ்கஸ் இணைப்புள்ள வண்டியில் அந்த மிச்சம் சிறிது. விசிறியின் விலையை அதிலிருந்தே ஈடுகட்டிவிடலாம் என்று தீர்மானத்தில் எழுதவேண்டாம்.

பொருத்துவதென்று முடிவானால் முதலில் மின்சாரக் கணக்கைப் போடவேண்டும். சாதாரண அளவுள்ள இரண்டு விசிறிகள் தலைக்கு 15 ஆம்பியர் வீதம் 30 ஆம்பியர் இழுப்பதாக வைத்துக்கொள்வோம். 55 வாட் முன்விளக்கு இரண்டிற்கும் 8, மற்ற விளக்குகளுக்கு 4, குளிர்சாதனத்திற்கு 15, எஞ்சினின் சொந்தத் தேவைகளுக்கு 10, ஆக 67. ஆல்டர்னேட்டரின்மேல் 90 என்று பொறித்திருப்பதைக் கண்டு திருப்தியடையக் கூடாது. அது வேகமாகச் சுழலும்போது தரும் அளவு. எஞ்சின் சோம்பி ஓடும்போது அதில் பாதியோ சற்று மேலோதான் கிடைக்கும். விசிறி மிகவும் தேவைப்படுவதும் அந்த வேளையில்தான். குறையைப் பாட்டரி தாங்கித் தாங்கிக் கடைசியில் மழை இரவொன்றில் கைவிட்டுவிடும். ஆகையால் ஆல்டர்னேட்டரையும் பெரிதாக மாற்றவேண்டுமானால் அந்தத் தொகையையும் சேர்த்தே மதிப்பீடு கேட்கவேண்டும்.

மோட்டார் தொடங்கும் கணத்தில் ஓடும்போது இழுப்பதைப்போல் இருமடங்கோ அதற்கு மேலோ மின்சாரம் இழுக்கும். டாஷ்போர்டு சுவிட்ச் வழியாக நேரே இணைப்பு தருவது தீ விபத்துக்கு வழி. ஒவ்வொரு விசிறிக்கும் தனித்தனி ரிலே, தனித்தனி பியூஸ், தக்க பருமனுள்ள செப்புக் கம்பி, அதே பருமனில் பூமி இணைப்பு ஆகியன வேண்டும். பியூஸ் பாட்டரியின் அருகிலேயே இருக்கவேண்டும். தனித்தனி என்று வற்புறுத்துவதற்குக் காரணம், ஒன்று பழுதானால் மற்றொன்றாவது ஓடவேண்டும் என்பதே. பழைய விசிறி உடைந்தால் சத்தம் ஊரைக் கூட்டும்; மின்சார விசிறியின் பியூஸ் போனால் ஓசையே எழாது. விசிறி ஓடுவதைக் காட்டும் சிறு விளக்கொன்றை டிரைவர் முன் வைத்தல் அவசியம்.

விசிறியை ரேடியேட்டருக்குப் பின்னால் நின்று காற்றை இழுக்கும்படி வைப்பதே சிறப்பு. முன்னால் வைத்தால் ஓடும்போது எதிர்க்காற்றை மறைக்கும். ரேடியேட்டர் முகம் முழுவதையும் தழுவும் தகட்டுக் கூண்டு இல்லாவிடில், விசிறிக்கு நேரெதிரே உள்ள வட்டம் மட்டுமே குளிரும். பிளாஸ்டிக் பட்டைகளைத் தகடுகளுக்கிடையே நுழைத்துக் கட்டிவிடும் வழக்கமொன்று உண்டு. அது சில மாதங்களில் குழாய்களைத் தேய்த்து ஒழுகச் செய்யும். அப்படிச் செய்திருந்தால் பில்லை ஏற்கவேண்டாம். வெப்பம் உணரும் கருவி நீரோட்டத்திலேயே திருகப்பட்டிருக்கவேண்டும். தெர்மோஸ்டாட் 82 டிகிரியில் திறக்கும் வண்டியானால் விசிறி 95 அளவில் தொடங்கி 88 அளவில் நிற்கும்படி வைக்கலாம். தெர்மோஸ்டாட் திறக்கும் சூட்டைவிடக் கீழே நிற்கும்படி வைத்தால் விசிறி ஓயாது ஓடிக்கொண்டேயிருக்கும். குளிர்சாதனம் போட்டவுடன் விசிறியும் ஓடவேண்டும். எஞ்சின் நின்றபின்னும் இவ்விசிறி திடீரெனச் சுழலக்கூடும் என்பதால், பாட்டரி இணைப்பைக் கழற்றாமல் அங்கே கை வைக்கலாகாது என்று டிரைவருக்கும் கிளீனருக்கும் எழுத்து மூலம் தெரிவித்துக் கையொப்பம் பெறுக.

உத்தரவாதக் காலம் முடியாத வண்டியானால், மாற்றத்தினால் உத்தரவாதம் போய்விடுமா என்பதை விற்பனையாளரிடம் எழுத்தில் கேட்டுப் பதில் வந்தபிறகே தீர்மானம் நிறைவேற்றவேண்டும். வேலை முடிந்தவுடன் பணம் முழுவதையும் கொடுத்துவிடாமல் ஒரு பகுதியை நிறுத்திவைத்து, நல்ல வெயில் வேளையில் குளிர்சாதனத்தைப் போட்டு அரை மணி நேரம் நின்ற இடத்திலேயே எஞ்சினை ஓட்டிப் பாருங்கள். அடுத்து வெறும் வண்டியாக ஒரு நடை, பின்பு பாரத்தோடு ஒரு நடை. மூன்றிலும் முள் நின்ற இடத்தைப் பயணப் புத்தகத்தில் குறித்து, முன்பு டிரைவர் ஒரு வாரம் எழுதிய குறிப்போடு ஒப்பிட்டபின் மீதியைக் கொடுக்கலாம். கழற்றிய பழைய விசிறியும் அதன் இணைப்பும் கூண்டும் சங்கத்தின் சொத்து. அவை பட்டறையிலேயே தங்கிவிடாமல் திரும்பி வந்து இருப்புப் பதிவேட்டில் ஏறியிருக்கின்றனவா என்று அடுத்த பார்வையின்போது நாம் கேட்போம்.