அருவிமேல் அமைந்த வீடு

கட்டிடம் எழுப்பப் புகும்போது பாறையை உடைப்பதும் மரத்தை வெட்டுவதுமே முதல் வேலை என்று நாம் எண்ணிவிடுகிறோம். வேறு வழியும் உண்டென்பதற்கு அமெரிக்க நாட்டின் பென்சில்வேனியா மாநிலத்திலுள்ள ஒரு வீடு சான்றாகும்.

பிட்ஸ்பர்க் நகர வணிகர் எட்கர் காஃப்மனின் குடும்பத்திற்காகக் கட்டிடக் கலைஞர் பிராங்க் லாயிட் ரைட் 1935-இல் இதற்கு வரைபடம் அமைத்தார். அருவியை நோக்கிய வீட்டையே குடும்பத்தார் எதிர்பார்த்தனர். அவரோ அருவியின் மேலேயே வீட்டை அமைத்தார். ஓடை தடையின்றிக் கீழே ஓடுகிறது. சுவர்க் கற்கள் அந்நிலத்திலேயே வெட்டி எடுக்கப்பட்டன. அங்கிருந்த பாறை உடைக்கப்படாமல் கணப்பின் தளமாயிற்று.

எனினும் ஒரு குறை நேர்ந்தது. தூணின்றி வெளியே நீண்ட கான்கிரீட் தளங்களில் இட்ட இரும்புக் கம்பி போதவில்லை. நாளடைவில் தளம் சுமார் 7 அங்குலம் தாழ்ந்தது. 2002-இல் எஃகு வடங்களை இழுத்து இறுக்கி அதனை உறுதிப்படுத்தினர். 1964 முதல் பொதுமக்கள் காணும் காட்சியகமாக விளங்கும் இவ்வீடு, 2019-இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுள் இடம்பெற்றது.

ஆகவே, ஊராட்சிக் கட்டிடத்திற்கு இடம் தேரும்போது மரம், பாறை, நீரோட்டம் ஆகியவற்றை முதலில் குறித்துக்கொள்வோம். அருகில் கிடைக்கும் கல்லைப் பயன்படுத்துவோம். பாரக் கணக்கைப் பொறியாளரிடம் சரிபார்த்த பின்னரே கான்கிரீட் இடுவோம். அழகும் உறுதியும் சேர்ந்தாலன்றிக் கட்டிடம் நிலைக்காது.