‘தீஞ்ஞுஸ்’ என்னும் ஒரு சொல்



திவ்விய நற்கருணை வாங்குமுன் நாம் தமிழில் ஒருமுறை சொல்லும் ஜெபத்தை, பூசை இலத்தீனில் நடந்த காலத்தில் மார்பில் தட்டிக்கொண்டு மும்முறை சொல்வார்கள். அதன் உயிரான சொல் ‘தீஞ்ஞுஸ்’. தகுதியுள்ளவன் என்று பொருள். ‘நான் அப்படிப்பட்டவனல்ல’ என்பதே ஜெபம்.

முதலில் உச்சரிப்பு. ஆங்கிலம் படிக்கும் பிள்ளைகள் எழுத்தைப் பார்த்து ‘டிக்னஸ்’ என்று வாசிப்பார்கள். அது தவறு. முதலெழுத்து ‘தேவன்’ என்பதில் ஒலிக்கும் தகரம். நடுவிலே நம்முடைய ஞகரம். அர்ச். பத்தாம் பத்திநாதர் 1912-இல் பாராட்டி எழுதிய உரோமை உச்சரிப்பு இதுவே. ‘ஞாயிறு’ என்று சொல்லும் நாவுக்கு இதில் வருத்தமில்லை.

இனி இலக்கணம். தமிழில் நல்ல தகப்பன், நல்ல தாய், நல்ல தோட்டம் என்கிறோம், ‘நல்ல’ மாறுவதில்லை. ஆனால் நல்லவன், நல்லவள், நல்லது என்னும்போது விகுதி மாறுகிறதல்லவா? இலத்தீன் பெயரடை எவ்விடத்திலும் இப்படியே மாறும்: ஆண்பாலுக்குத் தீஞ்ஞுஸ், பெண்பாலுக்குத் தீஞ்ஞா, இரண்டுமல்லாததற்குத் தீஞ்ஞும். அங்கே மேசையும் பெண்பால் என்பதை மட்டும் மறவாதீர்கள். இரு மொழிகளையும் இப்படி அருகருகே வைத்துப் பார்ப்பது புதிதன்று. வீரமாமுனிவர் இலத்தீனில் எழுதிய கொடுந்தமிழ் இலக்கணம் 1738-இல் தரங்கம்பாடியில் அச்சாயிற்று.

அப்படியானால் பெண்கள் ‘தீஞ்ஞா’ என்று சொல்லவேண்டாமா? வேண்டாம். அது கப்பர்நாகூம் ஊரின் நூற்றுவர் தலைவன் சேசுநாதரிடம் சொன்ன வார்த்தை. திருச்சபை ‘என் ஊழியன்’ என்ற இடத்தில் ‘என் ஆத்துமம்’ என்று வைத்தது. இந்தச் சொல்லையோ அவன் சொன்னபடியே விட்டது. தமிழில் சொல்லும்போது பெண்மக்கள் ‘தகுதியற்றவள்’ என்பது நம் இலக்கணத்துக்குப் பொருந்தும்.

ஒன்றைக் கவனியுங்கள். போர்வீரருக்குக் கட்டளையிடுகிறவன் இதைச் சொன்னான். சொல்லிவிட்டு விலகிப் போகவில்லை. உதவியைக் கேட்டான், பெற்றான். ‘நான் தகுதியில்லாதவன்’ என்று மாதக்கணக்காய்ப் பின்வரிசையிலேயே நின்றுவிடுகிறவர்களே, சாவான பாவம் தடுத்தால் பாவசங்கீர்த்தனத்துக்கு வாருங்கள். அப்படி ஒன்றும் இல்லையென்றால் எழுந்து வாருங்கள். இந்த ஜெபம் விலகி நிற்பதற்கான சாக்கு அல்ல. வாங்க வருகிறவர்கள் சொல்லும் ஜெபம்.