பரிசு என்று வரும் குறுஞ்செய்தி



2007ஆம் ஆண்டில் அரிப்பு, சிலாவத்துறை, முள்ளிக்குளம் மக்கள் ஊரை விட்டு வெளியேறினார்கள். அன்று தொட்டு நிவாரணம், பதிவு, வீட்டுத்திட்டம் என்று கேட்டவர்களுக்கெல்லாம் அடையாள அட்டை இலக்கத்தைக் கொடுத்தே நாம் பழகிவிட்டோம். கேட்பவர் யார் என்று திருப்பிக் கேட்கத் தயங்குகிறோம். மோசடிக்காரருக்கு இந்தத் தயக்கமே வாய்ப்பு.

காண்போம்

டயலொக், மொபிடெல் முதலிய கம்பனிகளின் பெயரில் செய்தி வருகிறது: "உங்கள் இலக்கத்துக்குப் பல இலட்சம் ரூபா பரிசு." பின்னர் ஒருவர் அழைத்து மரியாதையாகப் பேசுவார். வரி, பதிவுக் கட்டணம் என்று சொல்லி ஈசி காஷ் மூலம் பணம் அனுப்பச் சொல்வார். வேறு சிலர், "விபரம் தராவிட்டால் இன்றே சிம் துண்டிக்கப்படும்" என்று பயமுறுத்துவார்கள். ஆசை காட்டினாலும் பயம் காட்டினாலும் நோக்கம் ஒன்றே: நம்மை யோசிக்க விடாமல் அவசரப்படுத்துவது.

சிந்திப்போம்

செய்தியின் மேலே கம்பனியின் பெயர் இருப்பது அத்தாட்சி ஆகாது. அனுப்புபவர் அந்த இடத்தில் பொய்ப் பெயரை இட வழிகள் உண்டு. கம்பனியின் உண்மையான செய்திகளுக்குக் கீழேயே பொய்ச் செய்தியும் வந்து சேரலாம்.

பரிசு கொடுப்பவர் முதலில் நம்மிடம் காசு கேட்பாரா? சீட்டே எடுக்காதவருக்குப் பரிசு விழுமா?

ஓ.டி.பி. எனப்படும் இரகசிய எண் வீட்டுத் திறப்பைப் போன்றது. அதைக் கொடுத்தால், உரத்துக்கு வைத்த காசும் வெளிநாட்டிலிருந்து பிள்ளை அனுப்பிய காசும் நம் கண் முன்னே போய்விடும்.

செயற்படுவோம்

1. செய்தியில் உள்ள இணைப்பை அழுத்த வேண்டாம். அதில் உள்ள இலக்கத்துக்கு அழைக்கவும் வேண்டாம். சிம் உறையில் அச்சிட்டுள்ள கம்பனி இலக்கத்துக்கு நாமே அழைத்து விசாரிப்போம்.
2. ஓ.டி.பி., பின் இலக்கம், ரீலோட் அட்டை இலக்கம் ஆகியவற்றை அழைப்பவர் எவருக்கும் சொல்ல வேண்டாம்.
3. பணம் போய்விட்டால் உடனே வங்கிக்கும் கம்பனிக்கும் அறிவிப்போம். செய்தியை அழிக்காமல் பொலிசில் காட்டுவோம். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டம் உண்டு. 101 என்ற இலக்கத்தில் இலங்கை சேர்ட் நிறுவனத்திடம் ஆலோசனை கேட்கலாம்.
4. ஏமாந்தவரைப் பரிகசிக்க வேண்டாம். அவர் வெட்கப்பட்டு மௌனமானால் அடுத்த வீடும் ஏமாறும்.

கலந்துரையாடுவோம்

- நம் கிராமத்தில் இத்தகைய செய்தி யாருக்கு வந்தது? அவர் என்ன செய்தார்?
- எழுத்து வாசிக்கச் சிரமப்படும் முதியோருக்கு வரும் செய்திகளை நம்பிக்கையோடு வாசித்துச் சொல்ல யாரை ஏற்படுத்துவோம்?